ஓர் எழுத்தின் கால்

மகள் வீடு லண்டனில் ஹெண்டன் பகுதியில் இருக்கிறது. போன ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே தங்கியிருந்தேன். எனக்குக் கொடுத்த மாடியறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டின் பின்னறை தெரியும். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்து மேசைமுன் உட்காருவார். விளக்கைத் தாழ இழுத்துக்கொள்வார். நெற்றியில் மாட்டியிருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குவார். அப்புறம் மதியம் எழுந்து போகும்வரை அவர் தலை வலமிருந்து இடமாக மெல்ல நகரும், வரி முடிந்ததும் வலப்பக்கம் திரும்பும், மறுபடி நகரும்.

கதை படிக்கிறவர் தலை அப்படி நகராது. அவர் கண் நாலு சொல்லைத் தாவி ஐந்தாவதில் இறங்கும். ஒன்றையும் தாவாமல், நடுவில் சட்டென்று நின்று, ஒரு விரற்கடை பின்னால் போய்த் திரும்பி வருகிற தலை, பிழை திருத்தப் புரூஃப் பார்க்கிறவருடையது. சென்னையில் 31 ஆண்டுகள் எனக்கும் அதுதான் பிழைப்பு. ஈய எழுத்துக் கோத்த காலத்தில், பக்கம் பிரிக்காமல் நீளத் தாளில் எடுக்கும் கேலி புரூஃபில் ஆரம்பித்து, கணினித் திரையில் முடித்தேன். அதனால் மூன்றாம் நாளே அவர் யாரென்று தெரிந்துவிட்டது. என்ன படிக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

வேலி ஓரத்தில் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். நானும் புரூஃப் பார்த்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. எந்த மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். எத்தனை எழுத்து என்பது அடுத்த கேள்வி. 247 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "எங்களுக்கு 22. அதற்கே ஓர் ஆயுள் போதவில்லை" என்றார்.

யூதர்களின் புனித நூல்கள் அச்சிலும் கிடைக்கின்றன. ஆனால் தொழுகைக் கூடத்தில் வாசிக்கும் தோராவை மட்டும் இன்றைக்கும் தோலில், இறகுப் பேனாவாலோ நாணல் பேனாவாலோ, கையால்தான் எழுதவேண்டும். மோசேயின் ஐந்து ஆகமங்களும் ஒரே சுருளில் இருக்கும். மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஒருவர் உட்கார்ந்து எழுதினால் ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இதைத் தவிர, தொழுகையின்போது கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலின் பெட்டிகளுக்குள் வைக்கும் சிறு தோல் துண்டுகள் உண்டு. வாசல் நிலையில் பொருத்தும் மெசூசாவும் உண்டு. இவற்றை எழுதுகிறவர் சோஃபேர். எழுதியதைச் சரிபார்ப்பவர் மகீஹா. பக்கத்து வீட்டுப் பெரியவர் மகீஹா.

சோஃபேர் என்ற சொல்லுக்கு எண்ணுகிறவர் என்ற பொருளும் உண்டாம். முன்னோர் தோராவின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி வைத்ததால்தான் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்று, யூதச் சட்டமும் வேதவிளக்கமும் சேர்ந்த பழைய தொகுப்பான தல்மூத் சொல்கிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் அந்த நகரத்து மகீஹாக்களுக்கு ஆலயக் கருவூலத்திலிருந்தே கூலி கொடுத்தார்கள் என்றும் தல்மூதில் இருக்கிறது. இதை அவர் சொன்னபோது என் மனம் நிறைந்துபோனது. புரூஃப் பார்க்கிறவனுக்கு எந்தப் புத்தகத்திலும் இடம் கிடையாது. இங்கே ஒரு சமூகம் தன் வேதவிளக்கத்தில் அவன் கூலியைக்கூடக் குறித்து வைத்திருக்கிறது.

எங்கள் தொழிலில் பிழை என்றால் திருத்த வேண்டியது, அவ்வளவுதான். அவர் தொழிலில் எந்தப் பிழையைத் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதற்கே தனிச் சட்டம் இருக்கிறது. நான் மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி வெறும் தோல் தெரியவேண்டும். பக்கத்து எழுத்தை மயிரிழை தொட்டாலும் குறைதான். இரண்டு எழுத்தும் முழுசாக உருப்பெற்ற பிறகு தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடத்தைக் கத்தி முனையால் சுரண்டிப் பிரித்துவிடலாம். ஆனால் மை சொட்டி ஓர் எழுத்தின் உருவமே போய்விட்டது என்று வையுங்கள். அதிகப்படி மையைச் சுரண்டி எடுத்தால் உள்ளே இருக்கும் எழுத்து வெளியே வரும். கண்ணுக்கு அது அழகான எழுத்தாகவும் இருக்கும். ஆனாலும் செல்லாது. வேதம் 'எழுது' என்று சொல்கிறது, எழுத்து கை எழுதி வரவேண்டும், சுரண்டி மிஞ்சியதால் வரக்கூடாது. முதல் தடவை கேட்டபோது இது வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு, எழுத்து என்பது உருவம் மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நான் நம்பியிருந்தது புரிந்தது. அவருக்கு எழுத்து ஒரு செயல்.

கடவுளின் பெயரை அழிக்கக் கூடாது. தோரா சுருளில் அந்தப் பெயரை எழுதும்போதே பிழை விழுந்துவிட்டால் அந்தத் தோல் பக்கத்தையே எடுத்துவிட்டு வேறு எழுதித் தைப்பார்கள். அதனால் ஒவ்வொரு முறை அந்தப் பெயர் வரும்போதும் எழுதுகிறவர் நிறுத்தி, இந்தப் பெயரின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைப்பார். மற்றச் சொற்களையும் நினைவிலிருந்து எழுதக்கூடாது. சரிபார்த்த மூலத்தைப் பார்த்து, வாயால் சொல்லி, பிறகு எழுதவேண்டும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க இன்னொருவர் புரூஃபில் பேனா வைத்துப் போவோமே, அந்த இரண்டு ஆளும் இங்கே ஒரே ஆளுக்குள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது வரிசை. தோரா சுருளில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் நூறு வருஷம் கழித்தும் சேர்க்கலாம். மெசூசாவிலும் தெஃபிலினிலும் அது நடக்காது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுதிய வரிசை மாறாமல் இருக்கவேண்டும். நாலாவது வரியில் விட்ட எழுத்தை இருபத்திரண்டாவது வரி எழுதிய பிறகு நுழைத்தால் வரிசை கெட்டுவிடும். அந்தத் துண்டு அதோடு முடிந்தது.

மகள் குடியிருக்கும் வீட்டு வாசல் நிலையில், வலப்பக்கம், தோள் உயரத்தில் சாய்வாக ஒரு தடம் இருந்தது. பெயிண்ட் வெளுத்த விரல் நீளக் கோடு, மேலும் கீழும் இரண்டு ஆணித் துளை. முன்பு குடியிருந்தவர்கள் மெசூசாவைக் கழற்றிக்கொண்டு போன அடையாளம் அது என்று அவர்தான் சொன்னார். உள்ளங்கையளவு தோலில் உபாகமத்தின் இரண்டு பகுதிகளை 22 வரிகளில் எழுதிச் சுருட்டி ஒரு கூட்டுக்குள் வைத்திருப்பார்கள். மொத்தம் 713 எழுத்துகள்.

அந்த 713-இல் தாலெத் என்று ஓர் எழுத்து வருகிறது. அதற்கும் ரேஷ் என்ற எழுத்துக்கும் வித்தியாசம் வலது மேல்மூலையில் மட்டும்தான். தாலெத்தின் மூலை குதிகால்போல் பின்னால் துருத்தியிருக்கும். ரேஷின் மூலை மழுங்கி வளையும். 'இஸ்ரவேலே கேள், நம் கர்த்தர் ஒருவரே' என்ற வாக்கியத்தில் 'ஒருவர்' என்பதற்கான சொல் எஹாத். அதன் கடைசி எழுத்து தாலெத். அந்தக் குதிகால் தேய்ந்தால் சொல் அஹேர் ஆகிவிடும், அதாவது 'வேறொருவர்'. யாத்திராகமத்தில் 'வேறொரு தேவனைப் பணிய வேண்டாம்' என்ற இடத்தில் இதே மூலை தப்பாகத் துருத்திக்கொண்டால் 'ஒரே தேவனைப் பணிய வேண்டாம்' என்று ஆகும். அதனால் எஹாதின் தாலெத்தையும் அஹேரின் ரேஷையும் வேண்டுமென்றே பெரிதாக எழுதுகிறார்கள். ஹே, ஹெத் என்று இன்னொரு ஜோடி. ஹேயின் இடது காலுக்கு மேலே சின்ன இடைவெளி இருக்கும், ஹெத்தில் இருக்காது. சங்கீதம் என்ற துதிப்பாடல் நூலின் கடைசி வரியில் 'துதிப்பதாக' என்ற சொல்லில் அந்த இடைவெளி அடைந்துபோனால் 'களங்கப்படுத்துவதாக' என்று ஆகும். இப்படிப்பட்ட எழுத்துகளைப் பட்டியல் போட்டு, இவற்றை மாற்றினால் உலகத்தையே அழிக்கிறாய் என்று மித்ராஷ் என்ற வகைப் பழைய வேதவிளக்க நூல் ஒன்று சொல்கிறதாம். தல்மூதில் ரபி, அதாவது யூத மதகுரு, இஸ்மவேல் எழுத்துவேலை செய்த ரபி மெயிருக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதுதான்: மகனே, கவனமாக இரு, உன் வேலை தெய்வத்தின் வேலை, ஓர் எழுத்தை விட்டாலோ கூட்டினாலோ உலகம் முழுவதையும் அழித்துவிடுவாய்.

எனக்குப் பழக்கமில்லாத இன்னொன்றும் இருந்தது. மெசூசாவின் முதல் பகுதியில் 'மெசூசோத்' என்ற சொல் வருகிறது. வாசல் நிலைகள் என்று பொருள். இரண்டாம் பகுதியிலும் அதே சொல், அதே உச்சரிப்பு. ஆனால் வாவ் என்ற எழுத்தை முதலில் ஒன்று குறைவாகவும் பிறகு ஒன்று கூடவும் எழுதவேண்டும். அப்படித்தான் மரபு வந்திருக்கிறது. என் கையில் அந்த மெய்ப்பு வந்திருந்தால் ஓரத்தில் 'சீராக்கவும்' என்று எழுதி ஒரே மாதிரி ஆக்கியிருப்பேன். அதைத்தான் நல்ல புரூஃப் ரீடரின் அடையாளம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே அது நூலையே செல்லாததாக்கும் குற்றம். எண்ணாகமத்தில் 'சமாதானம்' என்ற சொல்லில் ஒரு வாவின் கால் ஒடிந்தே எழுதப்படுகிறது. வேறெங்கும் ஒடிந்தால் குறை, அங்கே ஒடியாவிட்டால் மரபுக்கு மாறு. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று நம் ஊரில் சொல்வார்கள். ஏட்டைக் கெடுக்கிறவர்களில் எல்லாவற்றையும் சீராக்கப் பார்க்கும் என்னைப்போன்றவர்களும் உண்டு என்று அன்றைக்குத் தோன்றியது.

இப்படிப்பட்ட வாவ்கள் உச்சரிப்பை மாற்றுவதில்லை. அதனால் ஒரு சுருளைப் பல ஆண்டுகள் சபை நடுவில் உரக்க வாசித்தாலும், கூட்டத்தில் இருக்கும் எந்தக் காதுக்கும் பிழை கேட்காது. இப்போது சுருளை ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாக மூலத்தோடு ஒப்பிடும் மென்பொருள் இருக்கிறது. சரியென்று நம்பித் தலைமுறைகளாக வாசித்த சுருள்களிலும் அது பிழை கண்டிருக்கிறது. கணினி வந்து உங்கள் வேலை போய்விடாதா என்று கேட்டேன். விட்டுப்போன எழுத்தையும் கூடிப்போன எழுத்தையும் அது என்னைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மையில் விழுந்த மயிரிழை விரிசலையும், மூலை துருத்தியிருக்கிறதா மழுங்கியிருக்கிறதா என்ற சந்தேகத்தையும் அதை நம்பி விடமுடியாது. அதனால் இரண்டு சோதனையும் நடக்கிறது, மெஷினுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

வாசிப்பின் நடுவே சுருளில் திட்டமான பிழை தென்பட்டால் அதை மூடி, பேழையிலிருந்து வேறு சுருளை எடுத்துத் தொடர்வார்கள். பிழையுள்ள சுருளின் உறைக்கு மேலே ஒரு பட்டையைக் கட்டி, இது திருத்தத்துக்குக் காத்திருக்கிறது என்று அடையாளம் வைப்பார்கள். ஆனால் உச்சரிப்பு மாறாத அந்த வாவ் வகைப் பிழைக்கு வேறு சுருளை எடுக்க வேண்டாம் என்று 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இசர்லிஸ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நம் சுருள்கள் அவ்வளவு துல்லியமானவை அல்ல, எடுக்கப்போகிற மற்றதில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும் என்று என்ன நிச்சயம் என்பது காரணம். தல்மூதிலேயே ஒருவர், அந்த வாவ்களில் முன்னோர் தேர்ந்தவர்கள், நாம் அப்படி இல்லை என்கிறார். ஓர் எழுத்துக்கு உலகம் அழியும் என்கிற மரபே, எங்களிடம் இருப்பது முழுத் துல்லியம் இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறது. யேமன் நாட்டு யூதர்களின் தோராவும் மற்றவர்களின் தோராவும் ஒன்பது எழுத்துகளில் வேறுபடுகின்றன. அவரவர் மரபு அவரவருக்குச் செல்லும்.

ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் கையைவிட்டுப் போன பிழைகளில் மறக்கமுடியாதது எது என்று கேட்டார். தொழில்காரர்கள் மட்டுமே கேட்கிற கேள்வி. சொன்னேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நினைவு மலர். இறந்துபோன ஒரு தமிழாசிரியருக்காக அவர் பிள்ளைகள் கொண்டுவந்தது. 160 பக்கத்தையும் நான்கு தடவை பார்த்தேன். அச்சாகிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பிறகு, அவருடைய மகள் முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார். 'மறைந்த எம் தந்தையாருக்கு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மறந்த எம் தந்தையாருக்கு' என்று இருந்தது. பெரிய எழுத்து, பக்கத்தின் நடுவில், சுற்றிலும் வெற்றிடம். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்கு தடவையும் என் கண் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது. இருக்கவேண்டிய சொல் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் அதையே பார்த்தேன்.

பெரியவர் ஒரு தாளை நகர்த்தி, இரண்டு சொல்லையும் எழுதிக் காட்டச் சொன்னார். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாத மனிதர், மூச்சு விடுவதற்குள் கத்தி முனையை றகரத்துக்கு முன்னால் இருந்த ஐகாரக் கொம்பின்மேல் வைத்தார். "இது அங்கே இல்லை" என்றார்.

அப்புறம் தல்மூதிலிருந்து ஒரு சம்பவம் சொன்னார். யாத்திராகமத்தில், எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கர்த்தர் கொன்றதைச் சொல்லும் சொல் வாவில் ஆரம்பிக்கிறது. வாவ் என்பது ஒரு சின்னத் தலையும் ஒற்றைக் காலும்தான். ஒருவரிடம் இருந்த பிரதியில் தோலில் துளை விழுந்து அந்தக் கால் அறுந்துபோனது. வாவ் போய்விட்டால் சொல் 'கொல்லப்படுவான்' என்று மாறிவிடும். அவர் ரபி ஸேராவிடம் ஓடினார். ரபி ஸேரா பெரிய அறிஞர், அவரே பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிபுத்திசாலியும் இல்லாத, மந்தமும் இல்லாத ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றார். குழந்தை அதை வாவ் சேர்த்து வாசித்தால் எழுத்து செல்லும், இல்லையென்றால் செல்லாது.

"அறிஞருக்கு வசனம் தெரியும். தெரிந்த கண்ணுக்கு அறுந்த காலும் முழுசாகத் தெரியும்" என்றார் பெரியவர். என் நினைவு மலரைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

இந்தக் குழந்தைச் சோதனை இன்றைக்கும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை. பளிச்சென்று தெரிகிற குறைக்குக் குழந்தை தேவையில்லை, குழந்தை சரியென்று சொன்னாலும் அது செல்லாது. சந்தேகத்துக்கு இடமுள்ள எழுத்துக்கு மட்டும்தான். வாவின் கால் குட்டையாக இருந்தால் அது யோத் என்ற எழுத்து மாதிரி ஆகிவிடும். எவ்வளவு குட்டை என்பதற்கு அளவுகோல் வைத்துத் தீர்மானிக்க முடியாத நிலை ஒன்று வரும். அப்போது, எழுத்து தெரிந்த, ஆனால் சொல்லை ஊகிக்கத் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

செப்டம்பரில் அவருக்கு வேலை குவிந்தது. யூதர்களின் புத்தாண்டுக்கு முந்தின மாதம் எலூல். வீட்டு மெசூசாவை ஏழு ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் போதும் என்பது சட்டம், ஆனால் பலர் ஒவ்வோர் எலூலிலும் கொண்டுவந்துவிடுகிறார்கள். மேசைமேல் காகித உறைகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் எந்த நிலையிலிருந்து கழற்றியது என்ற குறிப்பு: சமையலறை, மாடிப்படி, பிள்ளைகள் அறை. வெயில் படும் முன்வாசலில் இருந்தவற்றில் மை பொரிந்திருந்தது. குளியலறைப் பக்கச் சுவரில் இருந்தவற்றில் ஈரம். அவர் பார்த்து முடித்த உறைமேல் பென்சிலால் ஒரு குறி போட, நான் வீடு வீடாகப் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். தோலைத் தொடமாட்டேன், உறைகள் மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை, 'முன்வாசல்' என்று எழுதிய உறையிலிருந்து எடுத்த துண்டில் அவர் தலை நின்றுவிட்டது. பத்தொன்பதாவது வரி. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நல்ல கை, நெருக்கமும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் நெய்தது மாதிரி எழுத்து. ஒரு வாவின் கால் மட்டும் மற்ற வாவ்களைவிடக் குட்டை. மை உதிரவில்லை, எழுதும்போதே அப்படி நின்றுவிட்டது. அரை மில்லிமீட்டர் மையைக் கீழே இழுத்தால் முடிந்தது. ஆனால் அது இப்போதே வாவ் என்றால்தான் இழுக்கலாம். யோத் என்றால், இழுப்பது புது எழுத்தை எழுதுவதாகும், வரிசை கெட்டுவிடும்.

மகள் வழிப் பேரன் ஒருவன், ஐந்து வயது, பள்ளி முடிந்து வந்திருந்தான். ஸெய்டி என்றுதான் அவரைக் கூப்பிடுவான், அவர்கள் வீட்டில் தாத்தாவுக்கு அதுதான் சொல். பெரியவர் அவனை நாற்காலிமேல் ஏற்றி நிற்கவைத்தார். வெள்ளைக் காகிதத் துண்டுகளால் சுற்றியிருந்த எழுத்துகளை மூடி, நடுவில் அந்த ஒன்று மட்டும் தெரியும்படி வைத்தார். எந்த எழுத்து சந்தேகம் என்றோ, என்னவாக இருக்கவேண்டும் என்றோ முகத்தில்கூடக் காட்டவில்லை. இது என்ன எழுத்து என்று மட்டும் கேட்டார்.

பையன் குனிந்து பார்த்தான். நான் மனதுக்குள் வாவ், வாவ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யோத்" என்றான்.

பெரியவர் மறுபடி கேட்கவில்லை. அவனை இறக்கிவிட்டு, தலையைத் தடவி, சமையலறைக்கு அனுப்பினார். துண்டைப் பழைய சுருக்கத்தின்படியே மெல்லச் சுருட்டினார். அறை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. கிழிந்த ஜெபப் புத்தகங்கள், தேய்ந்த தெஃபிலின் துண்டுகள், கடவுளின் பெயர் இருப்பதால் குப்பையில் போடக்கூடாத எல்லாம் அதில்தான் சேரும். நிறைந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். 712 எழுத்துகள் நன்றாக இருந்த அந்தத் துண்டை அவர் அதற்குள் வைத்தார். வெற்று உறையின்மேல் பென்சிலால் எழுதினார். பிறகு ஃபோனை எடுத்து, அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் முன்வாசலுக்கு இன்றைக்கே வேறு ஒன்று வேண்டும் என்று சொன்னார். அடுத்த உறையில் 'பிள்ளைகள் அறை' என்று இருந்தது. விளக்கைத் தாழ இழுத்துக்கொண்டார்.